60 நாள் சென்னை: அத்தை வீடா, ஹாஸ்டலா, நாலு பேர் சேர்ந்த வீடா?

போன மாதம் ராஜபாளையத்திலிருந்து சித்தி கூப்பிட்டார். "சின்னவளுக்கு இன்டர்ன்ஷிப் கிடைச்சிருச்சும்மா. டைடல் பார்க் பக்கத்துலயாம். ஜூன், ஜூலை ரெண்டு மாசம். ஆவடியிலதான் அத்தை வீடு இருக்கே, அங்கயே தங்கிக்கிடட்டுமா?"

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அது சித்திக்கு வருத்தம்தான். சொந்த அத்தை வீட்டை வைத்துக்கொண்டு வயசுப் பிள்ளையை யாரோ நடத்துகிற ஹாஸ்டலில் விடுவதா என்பது அவர் கேட்காமல் கேட்ட கேள்வி. ஆனால் 2017-ல் இதே ஆவடியிலிருந்து டைடல் பார்க் இருக்கிற இதே தரமணிப் பக்கம் இன்டர்ன்ஷிப்புக்குப் போய் வந்தவள் நான். 19 நாள் தாக்குப்பிடித்தேன். அதன்பிறகு திருவான்மியூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்கு மாறினேன். இரண்டு வருஷம் கழித்து என் தம்பி அவனுடைய இரண்டு மாதத்தைத் திருவல்லிக்கேணி மேன்ஷனில் கழித்தான். ஆக, எங்கள் வீட்டுக்கு இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. அதை வைத்து நானும் சின்னவளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனில் கணக்குப் போட்டோம்.

முதலில் ஒன்று. ஒரு வருஷம் தங்குகிறவரின் கணக்கு 60 நாள் தங்குகிறவருக்கு ஒத்துவராது. இணையத்தில் கிடைக்கும் யோசனையெல்லாம் வேலைக்குச் சேர்ந்து நிரந்தரமாகக் குடியேறுகிறவர்களுக்கானது. அவர்களுக்கு மாத வாடகைதான் பெரிய விஷயம். 60 நாள்காரருக்கோ ஒருமுறைச் செலவுகள்தான் அடி கொடுக்கும்: திரும்பி வராத அட்வான்ஸ், புரோக்கர் காசு, மெத்தை, பக்கெட், டேபிள் ஃபேன். ஒரு ஹாஸ்டலில் மாதம் 7,000, இன்னொன்றில் 8,000 என்றால் இரண்டு மாதத்துக்கு வித்தியாசம் 2,000 ரூபாய். முதல் ஹாஸ்டல் காலி செய்யும்போது 'மெயின்டனன்ஸ்' என்று அட்வான்ஸில் 2,000 பிடித்துக்கொண்டால் இரண்டும் ஒரே விலைதான். இந்தக் கோணத்தில் பார்த்தால் பல 'மலிவான' இடங்கள் மலிவில்லை.

ஆவடியை எடுத்துக்கொள்வோம். வாடகை இல்லை, சாப்பாடு அத்தை கை. அத்தையின் புளிக்குழம்புக்கு ஈடாகச் சென்னையில் எந்த மெஸ்ஸும் இல்லை என்பதை நான் எங்கு வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் வழியைப் பாருங்கள். வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆவடி ஸ்டேஷன், அங்கிருந்து புறநகர் ரயிலில் சென்ட்ரல், இறங்கி சுரங்கப்பாதை வழியாக எதிர்ப்பக்கம் நடந்து பார்க் டவுன், அங்கே பறக்கும் ரயில் (மேம்பாலத்தில் ஓடும் எம்.ஆர்.டி.எஸ்) பிடித்துத் திருவான்மியூர். கதவிலிருந்து கதவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், அதுவும் எல்லா வண்டியும் கைகொடுத்தால். போக வர மூன்றரை மணி. இரண்டு மாதத்தில் 44 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் 154 மணி நேரம். முழுதாக ஆறு நாளுக்கு மேல் ரயிலிலும் நடைமேடையிலும் போகிறது.

டிக்கெட் செலவு பெரிதில்லை. புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் இன்னும் 5 ரூபாய்தான். சீசன் எடுத்தால் இன்னும் குறையும். எனக்கு நஷ்டமானது வேறு. எங்கள் அலுவலகத்தில் ஆறு மணிக்கு மேல்தான் சீனியர்கள் டீயோடு நிதானமாக உட்காருவார்கள். அன்றைக்கு எதில் மாட்டிக்கொண்டோம், எப்படி அவிழ்த்தோம் என்கிற பேச்சு அப்போதுதான் நடக்கும். நான் ஐந்தே முக்காலுக்கே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒன்பது மணி வரை நான் வராவிட்டால் அத்தை சாப்பிடாமல் காத்திருப்பார். "நீங்க சாப்பிடுங்க அத்தே" என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார். ஹாஸ்டல் வார்டனிடம் லேட்டாகும் என்று சொல்லிவிடலாம். பசியோடு உட்கார்ந்திருக்கும் அத்தையிடம் என்ன சொல்வது? சனிக்கிழமை வந்தால் யாராவது ஒருவர் வீட்டு வளைகாப்பு. அதற்கும் போகத்தான் வேண்டும்.

இதனால் அத்தை வீடு வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆவடிதான். சென்னை ஒரே ஊர் இல்லை என்பதுதான் தென்மாவட்டத்தில் இருக்கிற நம் பெற்றோர்களுக்குப் பிடிபடாத விஷயம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ச் சேரும் நேரத்துக்கு ஆவடிக்காரர் சென்ட்ரலைக்கூடத் தொட்டிருக்கமாட்டார்.

சரி, ஹாஸ்டல். இங்கே எது என்பதைவிட எந்தப் பக்கம் என்பது முக்கியம். டைடல் பார்க்குக்கு மூன்று பக்கங்கள் சரிப்படும். முதலாவது திருவான்மியூர், இந்திரா நகர், அடையாறு. திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து டைடல் பார்க் நடைதூரம்தான். இரண்டாவது வேளச்சேரி, தரமணி. மூன்றாவது பழைய மகாபலிபுரம் சாலையிலேயே (ஓ.எம்.ஆர்) தெற்கே பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் வரை. விளம்பரங்கள் அதிகம் வருவது இந்த மூன்றாவதில்தான். புதுக் கட்டடம், லிஃப்ட், வைஃபை, பளபளவென்று படம்.

அந்தப் படங்களில் வராத சில விஷயங்கள் உண்டு. ஓ.எம்.ஆரின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பு. அதிலும் கோடையில் லாரித் தண்ணீரை நம்பித்தான் கட்டடங்களே ஓடுகின்றன. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, இந்தச் சாலையில் இருந்த சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது நினைவிருக்கலாம். எல்லா வருஷமும் அப்படியில்லை. ஆனால் ஜூனில் சேருகிறவர் "ஏசி உண்டா" என்று கேட்பதற்கு முன் "தண்ணி எங்கேர்ந்து வருது, எத்தனை மணிக்கு நிறுத்துவீங்க" என்று கேட்க வேண்டும். பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த இடத்தைப் பார்க்கலாம்.

அப்புறம் சாலை. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணியில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரும் தடம் இந்தச் சாலை வழியாகத்தான் போகிறது. தூண்களுக்கும் தடுப்புகளுக்கும் நடுவே மாலை ஆறரை மணிக்கு சோழிங்கநல்லூர் போய்ச் சேருவதற்கு, வரைபடத்தில் தெரியும் கிலோமீட்டரை வைத்து நேரம் கணிக்க முடியாது. இன்னொரு பொறி: பெருங்குடி. விளம்பரத்தில் 'பெருங்குடி ரயில் நிலையம் அருகில்' என்று இருக்கும். அந்த நிலையம் ஓ.எம்.ஆரில் இல்லை, தரமணிக்கும் வேளச்சேரிக்கும் நடுவில் உள்ளே இருக்கிறது. ரயிலில் போய் இறங்கி ஓ.எம்.ஆர் பெருங்குடிக்கு ஆட்டோ தேடிய முதல் ஆள் நானில்லை, கடைசி ஆளும் இல்லை. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு எந்தத் திசையில், காற்று எந்தப் பக்கம் என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. 2022 ஏப்ரல் கடைசியில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது.

வெயிலையும் இதில் சேர்க்க வேண்டும். ராஜபாளையத்து வெயில் காய்ந்த வெயில். ஜூன் பிறந்தால் மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கிவிடும், குற்றாலத்தில் சாரல் என்று பேச்சு வரும். சென்னைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மே மாதத்தின் மிச்சத்தைத்தான் ஜூனிலும் அனுபவிப்பார்கள். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31-ல், அதாவது கத்திரி முடிந்த பிறகு. இங்கே காப்பாற்றுவது கடல்காற்று ஒன்றுதான். அது கரையோரம் முதலில் வந்து, உள்ளே போகப் போகத் தாமதமாகி, மேல்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் ஆவடிப் பக்கம் போகாமலேயே இருந்துவிடும். திருவான்மியூர், அடையாறு பக்கம் தங்குவதற்கு நான் கூடுதலாக ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொல்வதற்கு இது பாதிக் காரணம். இன்னொரு அறிவுரை, இதை மட்டும் கேட்டாலே போதும்: மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள அறையை எடுக்காதீர்கள். பகல் முழுக்கக் காய்ந்த தளம் இரவு இரண்டு மணி வரை சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். எனக்குக் கிடைத்தது அந்த அறைதான். ஈரத் துண்டை மேலே போட்டுக்கொண்டு தூங்கினேன்.

விலை விஷயத்தில், நாங்கள் இப்போது விசாரித்த வரையில் மூன்று பேர் அறை, ஏசி இல்லாமல், சாப்பாட்டோடு 7,000 முதல் 9,000 வரை சொன்னார்கள். ஏசி என்றால் 10,000-க்கு மேல். மீட்டர் போட்டுக் கரண்டுக்குத் தனியாக வாங்கும் இடங்களும் உண்டு. சேருவதற்கு முன் கேட்க வேண்டியது அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள், நோட்டீஸ் எத்தனை நாள் என்பது. பெரும்பாலும் ஒரு மாத நோட்டீஸ். இரண்டு மாதம் தங்குகிறவர் மறந்துபோய் ஜூலை 15-ல் சொன்னால் ஆகஸ்டுக்குப் பாதி வாடகை போகும். நான் தங்கிய இடத்தில் எனக்கு அதுதான் நடந்தது. அந்தம்மா சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார். அதனால் சின்னவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன், சேருகிற அன்றைக்கே "ஜூலை 31 காலி செய்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடு என்று. சேரும்போதே போவதைப் பற்றிப் பேசுவது நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

முறையாக பில் போடும் பெரிய இடங்களில் இன்னொரு சிக்கல். தலைக்கு மாதம் 20,000 ரூபாய் வரையிலான விடுதிக் கட்டணத்துக்கு 2024-ல் ஜிஎஸ்டி விலக்கு வந்தது. ஆனால் தொடர்ந்து 90 நாளாவது தங்குபவர்களுக்குத்தான் அது. 60 நாள்காரர் அதில் வரமாட்டார். சொன்ன தொகை வரியோடு சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் விடுதி என்றால் உரிமம் உண்டா என்பதையும் கேட்கலாம். 2014-ல் வந்த தமிழ்நாடு சட்டப்படி பெண்கள் விடுதிகளும் இல்லங்களும் பதிவு செய்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். இந்தக் கேள்வியைச் சித்தப்பா கேட்டால் மரியாதையாகப் பதில் வரும், நாம் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதனால் சித்தப்பாவையே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அரசு நடத்தும் தோழி விடுதிகளும் இருக்கின்றன. வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் கட்டியவை. இன்டர்ன்ஷிப் கடிதத்தைக் காட்டி இடம் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம், அதை ஏப்ரலிலேயே செய்துவிட வேண்டும். அலுவலகம் தாம்பரம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் பக்கம் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். டைடல் பார்க்குக்கு அங்கிருந்து வருவது ஆவடிக் கதையின் சின்ன வடிவம்.

மூன்றாவது வழி, நாலு பேர் சேர்ந்து வீடு. சின்னவளுக்கு ரொம்ப ஆசை இதில். கல்லூரித் தோழிகள் மூன்று பேர் கூட வருகிறார்கள். சமைக்கலாம், கூத்தடிக்கலாம், நேரத்துக்குக் கதவடைக்க யாரும் இல்லை. ஆசையில் தப்பே இல்லை. ஆனால் சென்னை வீட்டுக்காரர் 11 மாத ஒப்பந்தம் போடுவார். மூன்று மாத அட்வான்ஸ் என்று சட்டம் ஒரு அளவு சொன்னாலும், ஒப்பந்தத்தில் வேறு தொகை எழுதிக்கொள்ள அதிலேயே வழி இருக்கிறது. அதற்கு மேல் கேட்கிறவர்கள் இன்னும் நிறைய. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. உள்ளே போனால் காலி அறை: கேஸ், பாத்திரம், தண்ணீர் கேன், விளக்குமாறு வரை நாம்தான். இதையெல்லாம் 60 நாளுக்காக வாங்கி 61-ஆம் நாள் என்ன செய்வது? என் வகுப்புத் தோழிகள் வேளச்சேரியில் இப்படி எடுத்தார்கள். இரண்டாவது வாரம் மோட்டார் போயிற்று. சரிசெய்யும் செலவு யாருடையது என்று வீட்டுக்காரரோடு பேசியே ஒரு வாரம் ஓடியது.

இந்த வழி பலிக்கிற ஒரே சந்தர்ப்பம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் இரண்டு மாதத்துக்குக் காலியாகும் இடம். சீனியர் அக்கா யாராவது ஊருக்குப் போகிறார், அவர் கட்டில் சும்மா கிடக்கிறது என்றால் அதைவிட நல்லது வேறு இல்லை. அட்வான்ஸ் இல்லை, பாத்திரம் இருக்கிறது, கேன்காரர் நம்பர் சுவரிலேயே எழுதியிருக்கும். வீட்டுக்காரருக்குத் தெரியப்படுத்தித்தான் போக வேண்டும். ஒளிந்து தங்குவது மட்டும் வேண்டாம். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் இதற்காக ஒரு வரி போடச் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.

மேன்ஷன் சின்னவளுக்குப் பொருந்தாது, அது ஆண்களுக்கு மட்டுமான உலகம். ஆனால் இதைப் படிக்கும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல், தாழ்வாரக் கடைசியில் பொதுக் குளியலறை. சில இடங்களில் ஒரு மாத வாடகையையே அட்வான்ஸாக வைத்துக்கொண்டு பேச்சை முடித்துவிடுவார்கள். சேருவதும் போவதும் அவ்வளவு சுலபம். 60 நாளுக்கென்றே செய்ததுபோல ஒரு ஏற்பாடு, யோசித்துப் பார்த்தால். கீழே இறங்கினால் மெஸ், ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி, கால் மணி நடந்தால் மெரினா. மாதக் கடைசியில் தம்பி அம்மா உணவகத்துக்குப் போனான். ஒரு ரூபாய்க்கு ஒரு இட்லி. 1912-ல் கணித மேதை ராமானுஜன் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா வேலை பார்த்தவர், இந்தத் திருவல்லிக்கேணியிலும் குடியிருந்தவர் என்று எங்கேயோ படித்துவிட்டு, "அவருக்கும் ஸ்டைப்பெண்டுதான்க்கா" என்று போனில் சொல்வான். அவன் தங்கியது 2019 ஜூன் என்பதால் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். பக்கெட் வரிசையில் நின்றபோதுதான் தளத்தில் உள்ள எல்லோரும் பழக்கமானார்களாம். அண்ணா சாலை, எழும்பூர், மயிலாப்பூர் பக்கம் வேலையென்றால் பையன்களுக்கு இதைத்தான் சொல்வேன். டைடல் பார்க்குக்கும் மோசமில்லை. திருவல்லிக்கேணியிலேயே பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. தனிமை தாங்காதவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். அந்த அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ரொம்ப நீளம் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

பறக்கும் ரயில் என்று சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. நிலையங்கள் பிரம்மாண்டமானவை. இரவானால் கூட்டம் குறைந்து, நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். ஒன்பது மணிக்கு மேல் தனியாக வருகிற பெண்களுக்கு நான் பஸ்ஸைத்தான் சொல்வேன். திருவான்மியூரில் பஸ் நிலையமே இருக்கிறது. சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. என் காலத்தில் இது கிடையாது. சில்லறைக்காக நடத்துநரிடம் வாங்கிய திட்டு எனக்கு மட்டுமே சொந்தம்.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு இது. முதல் வாரம் அத்தை வீடு. காரணம் பாசம் மட்டுமில்லை. ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு படத்தைப் பார்த்து ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் அனுப்புவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை, நான் செய்திருக்கிறேன். அந்த ஒரு வாரம் மாலையில் வேலை முடிந்ததும் திருவான்மியூர், இந்திரா நகர் பக்கம் தினம் ஓரிரண்டு இடமாக நேரில் போய்ப் பார்க்கலாம். குழாயைத் திறந்து பார்க்கலாம், அங்கே தங்கியிருக்கும் பெண்ணிடம் சாப்பாடு எப்படி என்று கேட்கலாம். வார்டன் பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும். அந்த வாரத்தின் அலைச்சலே, ஏன் மாற வேண்டும் என்பதை அத்தைக்கும் புரியவைத்துவிடும். நான் 19-ஆம் நாள் திடீரென்று பெட்டியைக் கட்டியதில் அத்தைக்கு வந்த கோபம் தீபாவளி வரை போகவில்லை. இந்த முறை முதலிலேயே சொல்லிவிட்டோம்: ஒரு வாரம் உங்கள் வீடு, பிறகு ஹாஸ்டல், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு உங்களிடம். அத்தை ஒரு திருத்தம் மட்டும் போட்டார், சனிக்கிழமை இரவே வந்துவிட வேண்டுமாம். ஒப்புக்கொண்டோம்.

மே 31 ஞாயிறு விடிகாலை பொதிகையில் வந்து இறங்குகிறாள். மறுநாள் திங்கள், ஜூன் 1, வேலையில் சேருகிறாள். 2024 நவம்பரிலிருந்து ரயிலில் 60 நாளுக்கு முன்புதான் பதிவு செய்ய முடியும். விரலை விட்டு எண்ணிப் பார்த்தோம்: ஜூலை 31 வெள்ளிக்கிழமை இரவு ஊருக்குத் திரும்பும் டிக்கெட் சரியாக அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் திறக்கும். அந்நேரம் அவள் ஆவடி ரயிலில் பெண்கள் பெட்டிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதனால் போடுகிற வேலை எனக்கு.